வாழைத்தோட்டத்தில் ஒரு சுடுநீர்த் தொட்டி

காலை ஏழு மணி பத்து நிமிடம். ஆடி மாதம். யாழ்ப்பாணத்து நீர்வேலி வானத்தில் மருந்துக்கும் முகில் இல்லை. காற்று எங்கேயோ விடுமுறையில் போயிருந்தது. வாழை இலைகள் அசையவும் சோம்பல்பட்டுத் தொங்கின. அந்த வெக்கையில், வியர்வையில் ஊறிய சாரத்தை மடித்துக் கட்டியபடி நின்று நான் அறிவித்தேன்:

"குணம், நான் ஹொட் ரப் வாங்கப் போறன்."

குணலட்சுமி என் மனைவி. தோட்டத்து வாழைக்குலைகளைப் பழுக்க வைத்துச் சந்தைக்கு அனுப்புகிறவள். அப்போது அவள் கையில் ஒரு மண்வெட்டி இருந்தது. அது எனக்காகக் கொண்டுவரப்பட்ட மண்வெட்டி. குலைகளை அடுக்கிப் புகையூட்டும் குழி மாரி மழையில் இடிந்துவிட்டது. புதுக்குழி வெட்டித் தரும்படி அன்றிலிருந்து கேட்கிறாள். நானும் அன்றிலிருந்து "அடுத்த கிழமை" என்று தவறாமல் பதில் சொல்லி வருகிறேன்.

"அதென்ன ஹொட் ரப்?"

"சுடுதண்ணித் தொட்டி. உள்ளுக்கை இருந்தால் உடம்பு இளகும்."

"இந்த வெக்கைக்குள்ளையோ? மத்தியானம் தண்ணித் தாங்கிப் பைப்பைத் திறந்தால் முட்டை அவிக்கலாம். உங்களுக்கென்ன விசரே?"

"உம்மடை தம்பி இருக்கலாம், நான் இருக்கக் கூடாதோ?"

என் மானம் இங்கேதான் சிக்கிக் கிடந்தது. அவளுடைய தம்பி சுதாகரன் கனடாவில் இருக்கிறான். தை மாதம், கொட்டும் பனிக்கு நடுவே, ஆவி பறக்கும் தொட்டியில் கழுத்தளவு அமர்ந்தபடி ஒரு படம் அனுப்பியிருந்தான். கீழே ஒரு வரி: "அத்தான், உங்கை இது கிடைக்காது, என்ன?" நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறான். அவன் படலையைத் திறக்கும்போது நான் கழுத்தளவு அமிழ்ந்திருந்து "வா தம்பி" என்று சொல்ல வேண்டும். எழும்பாமல் சொல்ல வேண்டும்.

குணலட்சுமி மண்வெட்டியைச் சுவரில் சாத்தினாள். சற்று யோசித்தாள்.

"சரி. வாங்கிறதெண்டால் கொழும்பிலை புதுசாய் வாங்குங்கோ. பழசு மட்டும் வேண்டாம்."

திருமணமான நாளிலிருந்து, அவள் சொல்வதற்கு நேர் எதிரானதைச் செய்துதான் நான் இந்த வீட்டின் தலைவனாக நீடித்து வருகிறேன். காது உடனே நிமிர்ந்தது.

"ஏன் பழசு வேண்டாம்?"

"இஞ்சை, கொழும்புத்துறையிலை கிறகோரி அண்ணை விடுதியைப் பூட்டிப்போட்டார். அங்கை ஒண்டு கிடக்காம். ஹீற்றர் செத்துப்போச்சாம். மூடி மட்டுந்தான் நல்ல இறுக்கமாம். மூடியை வைச்சு என்ன செய்யிறது?"

"அதைத்தான் வாங்கிறன்!"

"ஐயோ, ஒருக்கால் நான் சொல்லுறதைக் கேளுங்கோவன்!"

கேட்கவில்லை.

கிறகோரி அண்ணை நேர்மையான மனிதர். தொட்டியைத் தட்டிக் காட்டிவிட்டுச் சொன்னார்:

"தம்பி, உள்ளதைச் சொல்லுறன். இது தண்ணியைச் சூடாக்காது."

"நான் சூடாக்கி ஊத்துவன், அண்ணை."

"அப்ப ரப் என்னத்துக்கு?"

நான் காசை எண்ணி அவர் கையில் வைத்தேன்.

தொட்டி உழவு இயந்திரப் பெட்டியில் ஊர்வலமாக வந்தது. குணலட்சுமி படலையிலேயே மறித்தாள்.

"எங்கை வேணுமெண்டாலும் வையுங்கோ. வாழைத்தோட்டப் பக்கம் மட்டும் வேண்டாம்."

வாழைத்தோட்டப் பக்கம் வைத்தேன்.

பக்கத்து வீட்டு வாகீசன் நெல் அவிக்கும் கிடாரத்தை இரவல் தந்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினேன். மேலே சூரியன், கீழே சுடுநீர், நடுவில் நான். வாகீசன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"எப்பிடியண்ணை?"

"சு... சுகம்."

"முகம் நாவற்பழம் மாதிரிக் கிடக்கு."

"அது ரத்த ஓட்டம்."

"அக்கா, ஓடி வாங்கோ! அண்ணைக்குக் கண் செருகுது!"

இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, குழலிலிருந்து புட்டைத் தள்ளுவது போல என்னை வெளியே எடுத்தார்கள்.

"பதமாய் அவிஞ்சிட்டியள்," என்றாள் குணலட்சுமி. "தேங்காய்ப்பூதான் குறை."

அதன் பிறகு சில நாட்கள் மின்விசிறிக்குக் கீழேதான் என் வாசம். சுதாகரன் வருவதற்கு முதல்நாள் பின்னேரம், ஒத்திகை பார்க்கலாம் என்று தோட்டப் பக்கம் போனேன். தொட்டி மூடியிருந்தது. மூடியின் மேல் பாரமான கற்கள். தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்றிருந்தது. கற்களை இறக்கி மூடியைத் தூக்கினேன். முகத்தில் புகை அடித்தது.

"குணம்! ரப் எரியுது!"

"எரியேல்லை," என்று குசினியிலிருந்து பதில் வந்தது. "பழுக்குது."

உள்ளே கதலிக் குலைகள் வரிசையாக அமர்ந்திருந்தன. நடுவில் ஒரு சட்டியில் தேங்காய்ப் பொச்சுமட்டை புகைந்துகொண்டிருந்தது. என்னைவிட அவைதான் சுகமாக இருந்தன.

"இது என்ரை ரப்!"

"அருமையான ரப். மூடியை வைச்சால் ஒரு பொட்டுப் புகை வெளியாலை போகாது. திருவிழாச் சந்தைக்குப் பழம் தயார்."

"நீர் புதுசு வாங்கச் சொன்னீரே!"

"ஓம், சொன்னன். அப்பதானே நீங்கள் பழசு வாங்குவியள்?"

"வாழைத்தோட்டப் பக்கம் வைக்க வேண்டாமெண்டும் சொன்னீர்..."

"அதுவும் சொன்னன்."

கண் கலங்கியது. புகையால்தான்.

"நாளைக்கு உம்மடை தம்பி வாறான். நான் இதுக்குள்ளை இருக்க வேணும்."

"தாராளமாய் இருங்கோ. ஆர் வேண்டாமெண்டது? குலையளுக்குத்தான் வேறை இடம் வேணும்."

அவள் சுவர்ப் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். மண்வெட்டி சாத்திய இடத்திலேயே இருந்தது.

மறுநாள் காலை வாகீசன் வந்து தன் கிடாரத்தை எடுத்துப்போனான். கிறகோரி அண்ணை போன் எடுத்து, தண்ணீர் சூடாகிறதா என்று விசாரித்தார். "எங்கடை வீட்டிலை ஆள்தான் சூடாய்க் கிடக்கு," என்றாள் குணலட்சுமி. பிறகு குலைகளை மாமர நிழலுக்கு மாற்றி, தொட்டியைக் கழுவி, குளிர்ந்த கிணற்றுநீர் நிரப்பி, விளிம்பில் இருந்து கால்களை உள்ளே விட்டுத் தேநீர் குடித்தாள். சுதாகரன் வந்திறங்கினான். தொட்டியைத் திரும்பியும் பாராமல், "என்ன வெக்கையக்கா உது!" என்று கிணற்றடிக்கு ஓடி, வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டான். ஈரம் சொட்டச் சொட்ட அவன் கேட்டான்:

"அத்தான் எங்கை?"

குணலட்சுமி தேநீர்க் கோப்பையால் தோட்டத்தைக் காட்டினாள்.

புதுக்குழிக்குள் கழுத்தளவு நின்றபடி, எழும்பாமல், நான் சொன்னேன்:

"வா தம்பி."