தானே ஓடும் காரைத் தள்ளிய கதை

எனக்கு ஒரு வியாதி உண்டு. புதுப் பொருள் எதை வாங்கினாலும், அதைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்பது போலப் பேசுவேன். தானே ஸ்டியரிங் திருப்பி, தானே பிரேக் போடும் காரை வாங்கிய வாரம் அந்த வியாதி முற்றிப்போனது. (விற்றவர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். என் காதில் ‘தானே’ மட்டும்தான் விழுந்தது.)

“இனிமே மனுஷன் கார் ஓட்டவே கூடாதுப்பா. விபத்துங்கிற பேச்சே இருக்காது!” என்றேன்.

அப்பா ஒரு கையில் தே தாரிக் தேநீரை வைத்துக்கொண்டு மறு கையால் கார் ஓட்டுகிறவர். “பத்திரம் சரி லா. நம்ம இஷ்டத்துக்கு நாலடி நகர முடியலன்னா அது என்னடா கார்?” என்றார்.

அந்த ஞாயிறு பெக்கான் நானாஸ் ஊரில் எனக்குப் பெண் பார்க்கும் ஏற்பாடு. கவிதாவின் போட்டோவைப் பார்த்ததிலிருந்தே எனக்குத் தலைகால் புரியவில்லை. ராகு காலத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. வழியில் தம்போய் கோயிலில் காருக்குப் பூசை போட்டோம். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, பூசாரி காருக்கு நேர் எதிரே நின்று கற்பூரம் காட்டினார்.

“ஏறி நசுக்குங்க தம்பி!”

ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். கார் பீப் பீப் என்று அலறி நின்றது. திரையில் சிவப்பாக ஒரு மனித உருவம்.

“ஐயா, கொஞ்சம் ஒதுங்குறீங்களா? எதிர்ல ஆள் நின்னா இது போகாது.”

“கற்பூரம் எரியறப்ப நான் ஒதுங்கக் கூடாது. பயப்படாம வாங்க!”

மறுபடி மிதித்தேன். மறுபடி அலறல். இந்தத் தானே நிற்கும் வசதியை எப்படி அணைப்பது? திரையைத் தடவினேன். பாட்டு வந்தது. இன்னொன்றை அமுக்கினேன். சீட் சாய்ந்து, நான் மல்லாந்தேன். அலமாக், ஐயையோ!

“ராகு காலம் வருதுடா!” என்று அம்மா கத்தினார்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். “நியூட்ரல்ல போடு!” சாமி கும்பிட வந்தவர்களும் கைகொடுக்க, என் அதிநவீன காரைத் தள்ளினார்கள். பழங்கள் நசுங்கின. கோயிலே கைதட்டியது. அந்தப் பூரிப்பில் நான் பிரேக்கை மறந்துவிட்டேன்; நியூட்ரலில் காரும் தானே பிரேக் போடவில்லை. ஒதுங்கவே மாட்டேன் என்ற பூசாரி, தட்டோடு பாய்ந்தோடினார். நானும் அலறிக்கொண்டே பிரேக்கை மிதித்தேன். (நியாயமாகப் பார்த்தால் கார் சொன்னதுதான் சரி. அப்பா இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டார்.)

அதற்குள் ராகு காலம் வந்துவிட்டது. அது முடியும்வரை கோயிலிலேயே உட்கார்ந்திருந்தோம். தாமதத்துக்குக் காரணம் சொல்ல, கார் தள்ளியதைத் தன் போனில் எடுத்திருந்த வீடியோவையே அம்மா பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இந்தச் சம்பந்தம் போயே போச்சு என்று நினைத்தேன்.

போய்ச் சேர்ந்ததும் கவிதா தேநீர் கொண்டுவந்தாள். போட்டோவைவிட நேரில் அழகு.

“என்ன தம்பி சொல்றீங்க?” என்று அவள் அப்பா கேட்டார்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை.

கவிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: “என்னங்க, தள்ளணுமா?”

வீடே வெடித்துச் சிரித்தது. அதே சிரிப்பில் கல்யாணமும் நிச்சயமாயிற்று.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போக நான் சோபாவிலிருந்து எழக் கொஞ்சம் தாமதித்தால் போதும். கவிதா ஒன்றும் பேசுவதில்லை. என் அப்பாவைத் திரும்பிப் பார்க்கிறாள். அவர் வேட்டியை மடித்துக் கட்ட ஆரம்பிக்கிறார்.