இமயமலையின் சைக்கிள்

அயனம்பாக்கத்தில் மலை கிடையாது. சென்னைக்கு மேற்கே குடியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்த இந்த விஷயம் தெரியாத ஒரே ஜீவன் எங்கள் அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடிக்காரர்தான். மலை ஏறுவதற்கென்றே செய்த எலக்ட்ரிக் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அன்றிலிருந்து அவர் இமயமலை. பெயர் வைத்தது நான்தான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

வாங்கிய காரணம் அதைவிட அபத்தம். அவர் மனைவிக்கு வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. தினமும் ஷேர் ஆட்டோவில் நசுங்கிப் போகும் அந்த அம்மாவைச் சொகுசாகக் கொண்டுபோய் விடவேண்டுமாம். அந்த சைக்கிளிலோ பின்சீட்டே இல்லை!

"இதுல நான் எங்கங்க உக்கார்றது? உங்க தலை மேலயா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா வழக்கம்போல ஷேர் ஆட்டோ பிடித்தார். எப்படியும் அவரை இந்த சைக்கிளில் உட்காரவைத்தே தீருவது என்று இமயமலை கங்கணம் கட்டிக்கொண்டார்.

முதலில் கைப்பிடி. தரையில் எதையோ தொலைத்தவர் மாதிரி குனிந்தே ஓட்டியதில் முதுகு பிடித்துக்கொண்டது. அம்பத்தூரில் ஒரு மெக்கானிக்கிடம் போய் உயரமான கைப்பிடி மாட்டினார். அப்புறம் முள்ளுமுள்ளாக இருந்த டயர் போய் தார் ரோட்டு டயர் வந்தது. மட்கார்டு, ஸ்பிரிங் சீட், கூடை, கேரியர், கேரியர் மேல் மெத்தை, துப்பட்டா சக்கரத்தில் சிக்காமலிருக்க ஒரு வலை என்று சீர்வரிசை நீண்டது.

"இன்னா சார், மலை ஏறுற வண்டிய மார்க்கெட் போற வண்டியா ஆக்கினுகீறே? மொதல்லயே லேடீஸ் சைக்கிள் வாங்கியிருக்கலாமே!" என்று அந்த மெக்கானிக்கே தலையில் அடித்துக்கொண்டாராம்.

கேரியரின் பலத்தைச் சோதிக்க அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குக் கிளம்பினார். எங்கள் வாசலிலேயே மோட்டார் வெடுக்கென்று இழுக்க, முன்சக்கரம் அந்தரத்தில் எழும்பியது. மூட்டை அசையவில்லை, இமயமலைதான் சரிந்தது. பதறிக்கொண்டு ஓடினேன். "சார், கேரியர் தாங்குது பாத்தீங்களா!" என்று கீழே கிடந்தபடி கேட்கிறது அந்த ஜென்மம்.

மோட்டாரின் வேகத்தைக் குறைத்து வைத்த பிறகு, ஒருநாள் காலை மனைவியை அழைத்து வந்தார். வேடிக்கை பார்க்கவென்றே நான் வாசல் கேட் அருகே நின்றேன். அந்த அம்மா மெத்தையை அமுக்கிப் பார்த்தார். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். இமயமலை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தாங்க இருக்கு. நகருங்க, நானே ஓட்டிட்டுப் போறேன்."

கைப்பையைக் கூடையில் போட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, போயே போய்விட்டார்.

"என்ன சார், வண்டியும் போச்சா?" என்றேன் குத்தலாக.

"கூனாம நேரா உக்காந்து போறா பாருங்க சார்! கைப்பிடி உயரம் அவளுக்குக் கச்சிதமா இருக்கு!" முகமெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டு, நான் ஏறிய ஷேர் ஆட்டோவிலேயே அவரும் முண்டியடித்து ஏறினார்.

நான் ஒடுங்கிக்கொண்டு அவருக்கு இடம் விட்டேன். என்ன செய்வது, அந்தக் கிறுக்கு மனுஷரை எனக்குப் பிடித்துத் தொலைத்துவிட்டது.