சாவி இல்லாமல் ராக்கெட் கிளம்பாது

காப்பீட்டு அலுவலகத்தின் தலைமை எழுத்தருக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. வாரம் முழுக்க மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். போன ஞாயிறு குழாய். அதற்கு முந்தைய ஞாயிறு திரைச்சீலைக் கம்பி. மனுஷனுக்கு மூச்சு விடவாவது ஒரு நாள் வேண்டாமா?

"இனிமே ஞாயித்துக்கிழமை என்னோடது. ராக்கெட் கிளப்புல சேர்ந்துட்டேன்" என்று கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார்.

தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை. "சரிங்க" என்றாள்.

அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சண்டைக்காக அலுவலகத்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் வீண்.

"என்ன சரிங்க? ராக்கெட்டுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"மேல போறது."

"விஞ்ஞானம்மா, விஞ்ஞானம்!"

"இருக்கட்டும். சாப்பாட்டு மேசையில பசையைக் கொட்டாதீங்க."

இந்த ஆசையை மூட்டியவர் பல் டாக்டர். சொத்தைப் பல்லைக் குடைந்துகொண்டே, அட்டைக்குழாயில் ராக்கெட் செய்து மைதானத்தில் பறக்க விடுவதைப் பற்றி அளந்தார். ஞாயிறு காலை வீட்டிலேயே இருக்க வேண்டாம் என்றும் சொன்னார். எழுத்தருக்கு வாய் நிறையப் பஞ்சு. ஒரு கேள்வியும் கேட்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தார்.

குழாய் வந்தது, கூர்மூக்கு வந்தது, மூன்று இறக்கைகளும் வந்தன. அவற்றில் ஒன்று கோணலாக ஒட்டிக்கொண்டது.

"கோணையா இருக்கே" என்றாள் மனைவி.

"அது காத்துக்காக அப்படி!"

"பாராசூட்டையாவது நான் தைச்சுத் தரட்டுமா?"

"இது ஜாக்கெட் இல்லம்மா, ராக்கெட்!"

மறுநாள் காலையில் பார்த்தால் இறக்கை நேராக இருந்தது. யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

ஞாயிறன்று அவளும் கூடவே கிளம்பினாள். வேடிக்கை பார்க்கத்தானாம். மைதானத்தில் ராக்கெட்டைக் கம்பியில் மாட்டி, ஒயரை இழுத்துவந்து, பட்டன் பெட்டி முன்னால் எழுத்தர் கம்பீரமாக உட்கார்ந்தார். பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

"சாவி போடணும் சார்" என்றார் பல் டாக்டர். "சாவி போட்டாத்தான் பட்டன் வேலை செய்யும். அது இன்னொருத்தர் கையில இருக்கணும். கிட்ட யாரும் நிக்கலைன்னு அவங்க பாத்துட்டுப் போடுவாங்க. கிளப் விதி. இதோ, உங்க வீட்டம்மாவே இருக்காங்களே!"

அவள் சாவியை வாங்கிக்கொண்டு நாலா பக்கமும் பார்த்தாள். கிளப் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். "அஞ்சு... நாலு... மூணு..."

"என்னங்க, பரண் எப்போ?"

எண்ணிக்கை நின்றது.

"ஏம்மா, ராக்கெட் கிளம்புற நேரத்துல பரணா?"

"எங்க கிளம்புது? சாவி என் கையிலல்ல இருக்கு."

இது மிரட்டல் இல்லையா? பட்டப்பகலில், ஊர் பார்க்க, கட்டிய கணவனை! யாராவது நியாயம் கேட்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தார். ஆண்கள் எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாயந்தரம்! இன்னிக்கு சாயந்தரமே! போதுமா?"

சாவி பெட்டியில் ஏறியது. பட்டனை அழுத்தினார். ராக்கெட் சீறிக்கொண்டு கிளம்பியது. அடேயப்பா! கண்ணுக்கு எட்டாத உயரம் போய், குடையை விரித்து, ஆடி ஆடி இறங்கியது. எழுத்தர் கோபத்தையெல்லாம் மறந்து துள்ளிக் குதித்தார். இத்தனை சந்தோஷமாக இருந்து எத்தனை காலமாயிற்று!

"இன்னொரு தடவை!" என்று ராக்கெட்டின் அடியில் புது மருந்துக் குழலைச் செருகிக்கொண்டு ஓடிவந்தார்.

"பின்கதவுக் கீல் கிறீச்சுங்குதுங்க."

"எண்ணெய் போடறேன்! சாவியப் போடு!"

அடுத்த தடவைக்கு மொட்டை மாடித் தொட்டி. அதற்கடுத்து, அவள் அண்ணன் வீட்டு அலமாரி. அதையும் ஒப்புக்கொண்டார். வெயில் ஏறுவதற்குள் அந்த மாதத்துச் சாயந்தரங்கள் மொத்தமும் கைவிட்டுப் போயிருந்தன.

பொறுக்க முடியாமல் பல் டாக்டரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். டாக்டரின் நகக்கண்ணெல்லாம் வீட்டு ஜன்னலுக்கு அடித்த பச்சைப் பெயின்ட்.

"என்ன அநியாயம் டாக்டர் இது? அடுத்த வாரம் சாவிக்கு வேற ஆளைப் போடுங்க. எவன் சார் இந்த விதியைப் போட்டது?"

"மெதுவாப் பேசுங்க. என் சம்சாரம்தான்."

"அவங்களுக்கு எப்படி சார் இப்படியொரு யோசனை வந்துச்சு?"

"அவளுக்கு எங்க வரும்? ஜாக்கெட் தைக்கக் குடுக்கப் போன இடத்துல உங்க வீட்டம்மா சொல்லிக் குடுத்ததுதான்."