ட்வீட்டர் திருப்பிய ஞானி

"நீ ஏன் எப்பப் பாரு முணுமுணுக்குற?"

"நான் எங்கங்க முணுமுணுக்குறேன்? வாயத் திறந்து பேசிக்கிட்டுத்தான் வரேன்."

"பாட்டும் அப்படித்தான் இருக்கு. போர்வைக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி. கார்லதான் ஏதோ கோளாறு. ஒரு ஆள் இருக்காராம், காட்டிடுறேன்."

கணவர் ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய டாக்ஸிக்குள் அவரும் மனைவியும் பேசிக்கொண்ட பேச்சு இது. பின்னால் நடந்த கூத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு இதுதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். கோளாறு காரில் இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் கார் சாமான் கடைத் தெருவில் சீட் கவர் தைப்பவள். தெருவே அவளை ஊசி அக்கா என்றுதான் கூப்பிடும். கையில் இருக்கும் ஊசிக்காக வைத்த பெயர் அல்ல அது, வாயில் இருக்கும் ஊசிக்காக வைத்தது. அப்படிப்பட்டவள் கட்டிய கணவரிடம் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் இரண்டு வருடமாகத் தொண்டையிலேயே வைத்திருந்தாள். அழைப்பு மணி அடித்தால் அவருக்குக் கேட்பதில்லை. சீட் பெல்ட் போடச் சொல்லிக் கார் கீச்சிட்டாலும் கேட்பதில்லை. அவளுடைய மெல்லிய குரல் பாதிதான் போய்ச் சேர்கிறது. 'ஒரு தடவை காதைக் காட்டிட்டு வரலாம்' என்று சொல்ல வேண்டும். ஒருமுறை ஆரம்பித்தாள். "ஏன், எனக்குக் கிழவன் பட்டம் கட்டிட்டியா?" என்றவர் இரண்டு நாள் அவளுடன் பேசவில்லை. அதோடு விட்டுவிட்டாள்.

அந்த இடைவெளியில்தான் ஞானி நுழைந்தார்.

ஊர் முழுக்க அப்போது ஒலிஞானி பேச்சுதான். பழைய டயர் கிடங்கு ஒன்றுக்கு வெள்ளை அடித்து, 'ஒலி நிலையம்' என்று பலகை மாட்டி, உள்ளே ஒரு சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்னால் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றவர். தண்ணீரில் ஓடாத பிழைப்பு காற்றில் ஓடியது. "ட்வீட்டர்தான் காரோட நாக்கு. நாக்கு தப்பான பக்கம் திரும்பியிருந்தா குடும்பமே திரும்பிக்கும்" என்பது அவருடைய தத்துவம்.

பக்கக் கண்ணாடிக்கு உள்புறம், சின்ன முக்கோணத்தில் ஒரு பட்டன் அளவுக்கு உட்கார்ந்திருக்கும் அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு இத்தனை சக்தி இருக்கிறது என்று அதைச் செய்த கம்பெனிக்கே தெரிந்திருக்காது. இடது ட்வீட்டரை ஒரு நூல் மேலே திருப்பியதும் ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைத்ததாம். வலதைக் கொஞ்சம் உள்ளே சாய்த்ததும் ஒருவருடைய மாமியார் தானாகவே பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பினாராம். இந்த இரண்டாவது அற்புதத்துக்குப் பிறகு கார்களின் வரிசை பெரிய ரோடு வரைக்கும் நின்றது. கார் இல்லாத ஒருவர் அண்ணன் காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். பலன் தனக்கா அண்ணனுக்கா என்று மட்டும் கவலையாகக் கேட்டார். இருவருக்கும் என்று சொல்லிவிட்டார்கள், இரட்டைக் காணிக்கை.

கட்டணம் கிடையாது. மனமுவந்து கொடுப்பதுதான். மனம் எவ்வளவு உவக்க வேண்டும் என்பதை வாசலில் போனும் கையுமாக நிற்கும் ஞானியின் மச்சான் சொல்லிவிடுவார்.

கணவர் காரைக் கொண்டுபோன அன்று ஊசி அக்காவும் கூடப் போனாள். ஞானி வந்தார். கையில் ஒரு பித்தளைக் கம்பி. கம்பியின் நுனியில் கண்ணாடி மணி. மச்சான் கையில் இருந்த நிலையத்தின் போனிலிருந்து 'சுத்திகரிக்கப்பட்ட பாட்டு' காரில் ஓடியது. உங்கள் போனில் இருக்கும் பாட்டெல்லாம் அழுக்குப் பாட்டு, அது ஆகாது என்பது நிலையத்தின் விதி. ஞானி கண்ணை மூடினார். கம்பியை உயர்த்தினார். மற்றக் கையால் ட்வீட்டரை ஒரு மயிரிழை திருப்பினார்.

"இப்ப?"

"கேக்குது ஐயா! நல்லாக் கேக்குது!" கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால் ஊசி அக்காவுக்கும் 'அட!' என்றுதான் இருந்தது. பாட்டு உண்மையிலேயே மலர்ந்தது. ஒருவேளை அவர் காதில் ஒரு கோளாறும் இல்லையோ? நான்தான் வீண் சந்தேகப்பட்டேனோ?

ஞானி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"இந்த அம்மா எங்க உக்காருவாங்க?"

"முன் சீட்ல. என் பக்கத்துல."

"அதான் பாத்தேன். அலை இவங்க மேல முட்டித் திரும்புது. உன் காதுக்கு வர வேண்டியது பாதியிலேயே தடுமாறுது. முன் சீட் காலியா இருக்கணும். இவங்க பின்னாடி உக்காரட்டும்."

"நான் என்ன மதில் சுவரா, முட்டித் திரும்புறதுக்கு?" என்றாள் ஊசி அக்கா.

"பாத்தியா, இப்பக்கூட முட்டுது" என்றார் ஞானி. கூட்டம் சிரித்தது. கணவரும் சேர்ந்து சிரித்ததுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

அன்றிலிருந்து அவளுக்குப் பின் சீட். சாயங்காலம் கடையிலிருந்து வீடு வரைக்குமான அந்த அரை மணிதான் அவர்கள் இருவருக்கும் சொந்தமான நேரம். கடையில் வந்த கிறுக்கு வாடிக்கையாளர், அவருடைய சவாரியில் சண்டை போட்ட ஜோடி, வாங்க வேண்டிய காய்கறி, மகள் படிக்கும் ஊரிலிருந்து வந்த போன் எல்லாம் அந்த முன் சீட்டில்தான் பேசித் தீரும். இப்போது அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பின்னாலிருந்து சொன்னால் அவருக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை. இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பாள். மூன்றாவது தடவை ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள்.

"இறங்கும்போது வாடகை எவ்ளோங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

நிலையத்தில் வாங்கிய மலர்ச்சி வீடு வந்து சேர்வதற்குள் வாடிவிட்டது. அவருடைய போனிலிருந்து போட்டால் பாட்டு பழையபடி போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. போன் அழுக்கு என்றார் மச்சான். மறுசீரமைப்புக்கு வரச் சொன்னார். போனார்கள்.

இந்த இடத்தில்தான் ஞானி தன் தொழில் வாழ்க்கையின் பெரிய பிழையைச் செய்திருந்தார். முன் சீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் முன்னால் இருக்கும் கம்பியைத்தான் பார்ப்பார்கள். ஊசி அக்காவைப் பின் சீட்டுக்குத் துரத்தியவர் அவரேதான். அவள் தலையைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். காருக்குப் பின்னால் மச்சான். கம்பி உயரும் நேரத்தில் மச்சானின் கட்டைவிரலும் போனில் சத்தத்தைக் கூட்டியபடி மெல்ல உயர்ந்தது. பாட்டு மலர்ந்தது. கம்பி இறங்கியது. விரலும் நின்றது.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னால், 'நீ ஒருத்தி பாத்தா ஆச்சா' என்பார். எல்லோரும் பார்க்கிற இடத்தில் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

அடுத்து ஞானி 'மாபெரும் பொதுச் சீரமைப்பு' அறிவித்தார். கிடங்கு வாசலில் நடுவே ஒரு காரை நிறுத்தி, எல்லோர் முன்னாலும் திருப்பிக் காட்டுவார். அந்தக் கார் ஊசி அக்காவின் கணவருடைய டாக்ஸி. கண் கலங்கிய வாடிக்கையாளரைவிட நல்ல விளம்பரம் வேறென்ன இருக்கிறது? அவர் காலையிலேயே காரைக் கழுவித் துடைத்து, மனைவியின் கடை வாசலில் நிறுத்திவிட்டுச் சவரம் செய்துகொள்ளப் போனார். கார்க் கதவின் அட்டையைக் கழற்றி மாட்டுவது ஊசி அக்காவுக்குத் தினசரி வேலை. இரண்டு முக்கோணத்தையும் நெம்பினாள். இரண்டு ட்வீட்டருக்கும் போகும் ஒயரைப் பிடுங்கினாள். மூடினாள். டீ குடித்தாள்.

ஞானி வந்தார். பாட்டு ஓடியது. அவருக்கு வித்தியாசம் தெரியுமோ என்று அவளுக்கு ஒரு கணம் பயம்தான். வீண் பயம். ஞானி பேசுகிற ஜாதி, கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"பாருங்க, எவ்ளோ மந்தமா இருக்கு! இந்த வீட்டுல இன்னும் எதிர்ப்பு இருக்கு" என்று ஊசி அக்காவைப் பார்த்துக்கொண்டே கம்பியை உயர்த்தினார். ட்வீட்டரைத் திருப்பினார். பாட்டு ஓங்கியது.

"ஆஹா!" என்றது கூட்டம்.

"வெள்ளி மணி மாதிரி இருக்குய்யா!" என்றார் மெத்தைக் கடைக்காரர். நிலையம் பக்தர்களுக்குக் கட்டிவிடும் செம்புக் கம்பி வளையம் மூன்று சுற்றாக அவர் கையில் இருந்தது. "அந்த ட்வீட்டர் வழியா அப்படியே தேன் மாதிரி இறங்குது!"

"எது வழியா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே ஊசி அக்கா வந்தாள். முக்கோணத்தை ஒரு நெம்பு. ட்வீட்டர் அவள் உள்ளங்கைக்கு வந்தது. ஒயர் இல்லாமல், அனாதையாக. பாட்டு மட்டும் கதவில் இருந்த பெரிய ஸ்பீக்கரிலிருந்து போட்டது போட்டபடி ஓடிக்கொண்டிருந்தது. "இது வழியாவா? காலையில இருந்து இது பட்டினியில்ல கிடக்கு?"

எல்லோரும் அவள் உள்ளங்கையை எட்டிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"ஒயரே இல்லாமப் பாட வச்சிட்டாரேய்யா! இதவிட அற்புதம் வேற என்ன வேணும்?"

கைதட்டல் கிளம்பியது. ஞானி அடக்கமாகத் தலை குனிந்தார். நம்பிக்கை என்பது இப்படிப்பட்ட சரக்கு. ஓட்டையைக் காட்டினால் ஜன்னல் என்று சொல்லிக் காற்று வாங்கும்.

"ஏய், மானத்த வாங்காத. பின்னாடி போய் உக்காரு" என்றார் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் நகரவில்லை. "சரி, அற்புதம்தான். இன்னொரு தரம் பண்ணச் சொல்லுங்க. மச்சான் கையில இருக்குற போன மட்டும் கார் மேல வச்சிடுங்க. யாரும் தொட வேணாம். ஞானிதான திருப்புறாரு? போனுக்கு என்ன வேலை?"

"போன்ல சார்ஜ் இல்ல" என்றார் மச்சான்.

"பாடிக்கிட்டுத்தான இருக்கு?"

மச்சான் போனைச் சட்டைப் பைக்குள் போடப் பார்த்தார். மெத்தைக் கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தேகப்பட்டு அல்ல, ஞானியை நிரூபித்துக் காட்டும் ஆவேசத்தில். போனை வாங்கிக் காரின் முன்மூடியில் வைத்தார். "திருப்புங்க ஐயா! இந்தம்மா வாய அடைச்சிடுங்க!"

ஞானி மீதமிருந்த ட்வீட்டரைத் திருப்பினார். ஒன்றும் ஆகவில்லை. கம்பியை உயர்த்தினார். ஒன்றும் ஆகவில்லை. மேலே, கீழே, உள்ளே, வெளியே. வியர்வை வழியத் திருகினார். 'படக்' என்று முக்கோணத்தோடு ட்வீட்டர் கையோடு வந்தது. பாட்டு எதையும் கண்டுகொள்ளாமல் அடுத்த சரணத்துக்குப் போனது.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். மெத்தைக் கடைக்காரர் மட்டும் சிரிக்காமல் மச்சானிடம் போய், "அந்த விரலக் காட்டு" என்றார். "அவநம்பிக்கை நிறைஞ்ச இடத்துல அலை நிக்காது" என்று சொல்லிக்கொண்டே ஞானி கிடங்கின் பின்பக்கம் போனார். பின்பக்கக் கதவு பெரிய ரோட்டில் திறக்கும். மச்சான் போனைக்கூட எடுத்துக்கொள்ளாமல் அவர் பின்னால் ஓடினார். அலை உண்மையாகவே அங்கு நிற்கவில்லை.

"அப்ப ட்வீட்டரத் திருப்புறதே பொய்யா?" என்றார் மெத்தைக் கடைக்காரர் ஏக்கத்தோடு.

"திருப்பினா சத்தம் மாறும் அண்ணே, அது நெசம். கீச்சுன்னு வர்ற பொடிச் சத்தமெல்லாம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராப் போகும். முழங்காலப் பாத்து வச்சா முழங்காலுக்குக் கேக்கும். காதப் பாத்து வச்சாக் காதுக்குக் கேக்கும். கண்ணாடியில பட்டுச் சிதறாமப் பாத்துக்கணும். உக்காந்து, கேட்டு, நல்லா இருக்குற எடத்துல நிறுத்த வேண்டியதுதான். மாமியாரெல்லாம் இதுல வர மாட்டாங்க." அவள் ஒயர்களைச் செருகினாள். ட்வீட்டர்களைப் பொருத்தினாள். ஓட்டுநர் சீட்டில் இறுகிப்போய் உட்கார்ந்திருந்த கணவரின் காதுக்கு நேராகச் சாய்த்தாள். "எங்க, இப்பக் கேளுங்க."

மெத்தைக் கடைக்காரர் ஜன்னலுக்குள் தலையை விட்டார். "அடடே! சலங்கைச் சத்தம் இப்பத்தான்யா கேக்குது!" இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்றார்கள்.

கணவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"என்ன சலங்கை?" என்றார். "எதுவும் மாறலையே. முன்ன மாதிரிதான் இருக்கு."

அவர் கை தானாகப் போய்க் காதைத் தொட்டது. தொட்ட கையை உடனே கீழே போட்டுக்கொண்டார்.

கூட்டம் மெல்லக் கலைந்தது. போகிற போக்கில் ஒருவர், பக்கத்து ஊரில் ஹாரன் சத்தத்தை வைத்துப் பலன் சொல்லும் ஒருவர் இருப்பதாகச் சொல்ல, இரண்டு பேர் முகவரி கேட்டார்கள். யோசிப்பதற்குக் காணிக்கை கிடையாது. அதனால்தானோ என்னவோ அதற்கு மரியாதையும் இல்லை. மூளைக்கும் ஒரு பித்தளைக் கம்பியைக் கட்டித் தொங்கவிட்டால் இவர்கள் வரிசையில் நின்று பயன்படுத்துவார்களோ என்னவோ.

ஊசி அக்கா காரைச் சுற்றி வந்து முன் கதவைத் திறந்தாள். முன் சீட்டில் உட்கார்ந்தாள். கணவர் தடுக்கவில்லை, பார்க்கவும் இல்லை. அவள் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள். எதிரே பார்த்துக்கொண்டே, பழக்க தோஷத்தில் மெதுவாக ஏதோ சொன்னாள்.

"என்ன?" என்றார் அவர்.

அவள் அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். தெரு கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று குரலை எடுத்தாள்.

"உங்களுக்குக் காது சரியாக் கேக்கலங்க. ரெண்டு வருஷமாச் சொல்லணும்னு இருக்கேன். டாக்டர்கிட்டப் போவோம். நானும் கூட வரேன். வாங்க!"