நான் கட்சி மாறிய பட்டிமன்றம்

மனதுக்குப் பிடித்த பெண்ணுக்கு எதிராகப் பட்டிமன்றத்தில் பேசக் கூடாது. பேசினால் ஒழுங்காக எதிர்த்துப் பேச வேண்டும். நான் இரண்டிலும் கோட்டை விட்டவன்.

ஒஸ்லோவில் பொங்கல் விழா. பழைய கிரேக்கப் போர்க் காவியத்தில் மோதிக்கொண்ட இரண்டு வீரர்களில் எவன் பெரியவன் என்பது தலைப்பு. ஒருவன் கப்பலேறி வந்து நகரத்தை முற்றுகையிட்டவன். மற்றவன் அந்த நகரத்தைக் காத்து நின்றவன். (நம் காவியங்களை வைத்து அடிபட்டு முடித்துவிட்டார்கள் போல.) காத்தவன் கட்சியில் சுபா. பக்கத்து நகரமான திராமனில் பள்ளி ஆசிரியை. நான் பஸ் ஓட்டுகிறவன். பயணிகளை அதட்ட வரும் வாய், அவளிடம் "சுகமோ?" என்பதற்கு மேல் திறக்காது. எதிர்க்கட்சியில் சேர்ந்தால் முகத்துக்கு முகம் உட்காரலாம் என்று கணக்குப் போட்டேன். மேடையில் எல்லா நாற்காலிகளும் சபையைப் பார்த்து இருந்தன. நடுவில் நடுவர். கடைசிவரை அவருடைய வயிற்றைத்தான் பார்த்தேன்.

எங்கள் அணித் தலைவர் என் அத்தான், அக்காவின் கணவர். அவர் எழுதித் தந்ததை மனப்பாடம் செய்திருந்தேன். எங்கள் வீரன் நண்பன் செத்ததும் எழுந்தவன், போனால் சாவு என்று தெரிந்தும் போனவன், அவனை வெல்ல ஆளில்லை.

எனக்கு முன்னால் சுபா பேசினாள். நகரத்தைக் காத்தவன் சண்டைக்குப் போகும்முன் தன் குழந்தையைத் தூக்க வருகிறான். தலைக்கவசத்தைப் பார்த்துக் குழந்தை வீரிட்டு அழுகிறது. அவன் சிரித்துக்கொண்டே அதைக் கழற்றி நிலத்தில் வைக்கிறான். இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. சபையே மூக்கைச் சிந்தியது. ஊரில் போருக்கு யாரையோ அப்படி வழியனுப்பிவிட்டுத்தானே பாதிப் பேர் இந்தக் குளிருக்குள் வந்தார்கள்.

நான் எழுந்தேன். மனப்பாடத்தில் ஒரு வரிகூட மிச்சமில்லை.

"எங்கட ஆள் கோவத்தில சண்டை பிடிச்சவன். கோவம் எனக்கும் வரும், அது பெரிய வேலையில்லை. அவையின்ர ஆள் பயந்து பயந்தும் போனவன். அவன்தான் பெரியவன். சுபா சொன்னது சரி."

"டேய், நீ எங்கட பக்கமடா!" அத்தான் மைக் இல்லாமலே கத்தினார். மண்டபம் சிரித்தது. நடுவரின் வயிறு குலுங்கியது. சுபாவின் கட்சி வென்றது.

அவள் சந்தோஷப்படுவாள் என்று வாசலில் காத்து நின்றேன். (மடையன்.)

"என்ன வேலை பாத்தனீங்கள்? உங்களை வெல்லவெண்டு எவ்வளவு படிச்சனான் தெரியுமோ?"

"வெண்டிட்டீங்கள்தானே?"

"எங்கை வெண்டனான்? நீங்கள் தூக்கித் தந்தனீங்கள். என்னைப் பாவம் பாக்கவே மேடைக்கு வந்தனீங்கள்?"

பாவம் பார்க்கவில்லை, உங்களைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். "இல்லை" என்று மட்டும் சொன்னேன். அவள் ரயிலுக்குப் போய்விட்டாள். பனியில் அவளுடைய சப்பாத்து அடையாளம் மூடப்படும்வரை நின்றேன்.

அதன் பிறகு சங்கத்தில் எனக்கு மைக் இல்லை, பொங்கல் பரிமாறும் அகப்பைதான். வீட்டில் நான் எதற்குத் தலையாட்டினாலும் அத்தான், "கட்சி மாறிட்டான்" என்பார். பிள்ளைகள்வரை பரவிவிட்டது. சுபா வருடா வருடம் பொங்கலுக்கு வருவாள், இப்போது கணவருடன். அவள் முறை வரும்போது மட்டும் தட்டைப் பார்த்தே பரிமாறுவேன்.

போன பொங்கலுக்கு அவள் தட்டை நீட்டினாள். ஒரு அகப்பை வைத்தேன்.

"போதும்," என்றாள்.

பக்கத்தில் வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்த அத்தான், "டேய், இப்பவாவது எதிர்த்துக் கதையடா!" என்றார்.

"போதாது," என்று இன்னொரு அகப்பை வைத்தேன்.

அவள் தட்டை இழுக்கவில்லை.