நகரசபைக்குப் போன லிஸ்பெத்

தூரிங்கியா மலையடிவாரத்திலுள்ள எங்கள் ரோட்டன்பாக் நகரசபை, பொதுநலனைத் தீர ஆலோசித்து, ஊரிலேயே ஒழுக்கமான குழந்தையைக் கௌரவ உறுப்பினராக்குவது என்று தீர்மானித்தது. ஒழுக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? புகைப்படம் எடுத்துத்தான். அசையாத குழந்தை தெளிவாக விழும், அசைந்தது புகையாகப் போகும். ஊரில் படப்பெட்டி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே தீர்மானம் எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது.

தையல்காரி ட்ரோகரம்மா தன் சின்ன மகள் மினாவைக் கூட்டிவந்தாள். மினா மடியில் லிஸ்பெத் என்கிற பீங்கான் பொம்மை. தலை ஆடாமலிருக்க மினாவின் பின்கழுத்தில் இரும்புக் கவ்வியை மாட்டி, "மூச்சு விடாதே கண்ணு" என்றேன். அவள் மூச்சு விட்டாள். தும்மினாள். கவ்வியிலிருந்து நழுவி, பொம்மைக்கும் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

படத்தில் மினா வெறும் புகை. லிஸ்பெத் மட்டும் இமைமயிர் வரை தெளிவு.

மேயர் புல்மர் படத்தை மூக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"ஆகா, என்ன அடக்கம்! இந்தப் பொண்ணுதான்யா!"

"அது பொம்மைங்க."

"அழுதுச்சா?"

"இல்லீங்க."

"எதுத்துப் பேசுச்சா?"

"அதெப்படிங்க பேசும்?"

"அப்புறம் என்னய்யா குறை கண்டே?"

லிஸ்பெத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "நான் இல்லாம அவ தூங்க மாட்டா!" என்று மினா கதறினாள். பார்க்கவே பாவமாக இருந்தது. "மாண்புமிகு உறுப்பினரை அவ இவன்னு பேசாதே!" என்று மேயர் அதட்டினார்.

புதிய உறுப்பினர் எல்லாத் தீர்மானங்களையும் மறுப்பின்றி ஏற்றார். மற்ற உறுப்பினர்களும் அவரைப் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் இருந்ததால் சிரமம் ஏதும் ஏற்படவில்லை.

பிறகு சபையின் குழுப்படம். எல்லாக் கழுத்துக்கும் கவ்வி. நான் படப்பெட்டியின் மூடியைக் கழற்றினேன்; திரும்ப மூடும்வரை சில நிமிடம் ஒருவரும் அசையக் கூடாது. சற்று நேரத்தில் கதவு திறந்து மினா வந்தாள். நேராகப் போய் லிஸ்பெத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"பிடிய்யா அவளை!" என்று மேயர் உதடு அசையாமல் முனகினார்.

"நீங்க பிடிங்கய்யா" என்று செயலாளரும் அப்படியே முனகினார். "எனக்குப் படம் கெட்டுடும்."

"அசையாதீங்க மாமா, புகையா போயிடுவீங்க" என்று மேயரிடம் சொல்லிவிட்டு மினா பொம்மையோடு வெளியேறினாள்.

படம் பிரமாதமாக வந்தது. லிஸ்பெத் மட்டும் புகை. உறுப்பினர் அசைந்திருப்பது ஐயமற நிரூபணமானதால், சபை அவரை ஒழுங்கீனத்துக்காகப் பதவிநீக்கம் செய்தது.

காலியான இடத்துக்கு மறுநாளே ஊர்ப் பெரிய மனிதர்கள் வரிசைகட்டி, கண் இமைக்காமல் விறைத்து நின்றார்கள். மழை கொட்டியது. ஒருவரும் அசையவில்லை. வரிசையில் முதல் ஆளாக நின்ற நானும்தான்.