வெப்பக் கேமரா வந்த சிறப்பும் ஆவுடைத்தாயை அது கண்டுபிடித்த விதமும்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய காரியமே அல்ல. அது எங்கே பிடிக்கப்போகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடித்ததுதான் பெரிய காரியம். அந்தப் பெருமை ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் கருவேலங்காட்டுக்கு நடுவே இருக்கும் எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கும் வந்து சேர்ந்தது. நான் ராஜசிங், கம்பெனியின் 'பாதுகாப்புக் குழு'ச் செயலாளர். குழுவில் வேறு யாரும் இல்லாததால் இதுவரை கருத்து வேறுபாடு எழுந்ததில்லை.

முதலில் 'பிரச்சினை'யைச் சொல்லிவிடுகிறேன். கிப்ட் பாக்ஸ் கட்டும் கொட்டகையை நாங்கள் செட் என்போம்; அதன் வெளிச்சுவரில் ஒரு சுவிட்ச் போர்டு உண்டு. சுவருக்கு உள்பக்கம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, பட்டாசுகளைப் பெட்டியில் அடுக்கிக் கட்டுபவர் ஆவுடைத்தாய். தீபாவளி ஆர்டர் சூடு பிடித்ததிலிருந்து அவரிடம் ஒரே பல்லவி.

"சார், சுவரு சுடுது. ஒயரு கருகுன வாடை வேற. முதுகுக்குப் பின்னால கொள்ளிய வச்சிக்கிட்டு எப்படி வேலை பாக்க? எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு சார்."

நான் விஞ்ஞான ரீதியாகப் பதில் சொன்னேன். "முதுகு சுடுதுங்கிறது ஒன் முதுகோட அபிப்பிராயம். ஆதாரம் வேணும்ல?"

அந்த ஆதாரத்துக்காகத்தான் முதலாளி முனியராஜ் கேமரா வாங்கினார். கரண்டுப் பெட்டியைத் தொடாமலே, எங்கே சூடு இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டிவிடும். சூடு என்றால் சிவப்பு, குளிர்ச்சி என்றால் நீலம். படத்தை அலுவலகச் சுவரில் மாட்டினால் வடக்கத்தி வியாபாரிகளிடம் மதிப்பு கூடும் என்று முதலாளியின் மச்சினர் வேறு சொல்லியிருந்தார். கேமராவை இயக்கிக் காட்ட மதுரையிலிருந்து விக்னேஷ்குமார் என்ற இன்ஜினியர் வந்தார்.

எங்கள் கம்பெனியில் இன்ஸ்பெக்சனுக்கென்று ஒரு சம்பிரதாயம் உண்டு. பெண் பார்க்க வரும் வீடு போல இடம் அடக்க ஒடுக்கமாக இருக்க வேண்டும். கார் திரும்புவதைப் பார்த்து வாட்ச்மேன் விசில் அடித்ததும் மெயினை அணைத்துவிடுவோம். பெண்களை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டுத் தரையெங்கும் தண்ணீர் தெளிப்போம். எங்கள் கம்பெனி ஓடி எந்த அதிகாரியும் பார்த்தது கிடையாது. அந்த மரியாதையைக் கேமராவுக்கும் குறைவில்லாமல் செய்தோம். போர்டை நானே ஈரத் துணியால் துடைத்து வைத்தேன்.

விக்னேஷ்குமார் கேமராவைத் தூக்கிப் பிடித்தார். திரை முழுக்க நீலம். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், மெயின் ஆப்ல இருக்கு" என்றார் விக்னேஷ்குமார். "லோடு ஓடினாத்தான் சூடு தெரியும்."

"லோடு நேத்தே ஓடிருச்சே தம்பி, பாட்னாவுக்கு" என்றார் முதலாளி.

"கரண்டு லோடு சார். மெயினைப் போட்டு மெஷினை ஓட விடுங்க."

முதலாளி பொறுமையாகக் கேட்டார். "மெயினைப் போட்டா போர்டு சூடாகும்ல?"

"ஆகும் சார்."

"சூடானா படத்துல செவப்பாத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"செவப்பாத் தெரிஞ்சா சர்டிபிகேட் தருவீகளா?"

"தர முடியாது சார்."

"பெறகு எதுக்குய்யா போடச் சொல்றீக?"

மதுரைக் கல்லூரிகளில் இந்தத் தர்க்கத்தைச் சொல்லிக்கொடுப்பதில்லை போலும்.

அந்த நேரம் பார்த்து வேப்பமரத்தடியிலிருந்து ஆவுடைத்தாய் விறுவிறுவென்று வந்தார். "இதான் சார் அந்தப் போர்டு! மெயினைப் போட்டுப் பாருங்க" என்று அதற்கு முன்னால் போய் நின்றார். நீலத் திரையின் நடுவே சிவப்பாக ஓர் உருவம் தோன்றியது.

"அந்தா இருக்கு!" என்று துள்ளினார் முதலாளி. "கண்டுபிடிச்சிருச்சு பாத்தீகளா! ஆத்தாடி, என்னா மெஷினு!"

உடனே அறிக்கை தயாரித்தேன். 'வளாகத்தில் காணப்பட்ட ஒரே வெப்பப் பகுதி: ஆவுடைத்தாய். பரிந்துரை: குளிர்விக்க வேண்டும்.' கம்பெனி செலவில் அவருக்கு ஒரு டம்ளர் மோர் வழங்கப்பட்டது. விக்னேஷ்குமார் தலையில் அடித்துக்கொண்டு, எல்லாப் போர்டுகளுக்கும் சேர்த்து, நீலப் படம் ஒட்டிய சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை செட்டுப் பெண்கள் பதினைந்து பேரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். ஆவுடைத்தாய்தான் பேசினார்.

"மோரு குடிச்சது நானு. சுடுறது போர்டு. ஓட விட்டுக் கேமராவுல காட்டுங்க. அதுவரைக்கும் ஒருத்தியும் உள்ள வரமாட்டோம்."

சீசன் நேரத்தில் இப்படியொரு பேச்சா! முதலாளிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏலே, மெயினைப் போடுலே! எல்லா மெஷினையும் ஓட விடு! ஒண்ணும் ஆகாதுன்னு இவளுகளுக்குக் காட்டுறேன்" என்று எலக்ட்ரீசியனை விரட்டினார். எலக்ட்ரீசியன் ஓட விட்டுவிட்டு டீ குடிக்க வெளியே வந்தார்.

டீ ஆறவில்லை. போர்டு 'பட்' என்றது. பிறகு செட்டுக்குள் இருந்த சரக்கு பூராவும் பேசத் தொடங்கியது. கூரை கருவேலங்காட்டில் போய் விழுந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. கேட்டுக்கு வெளியே பதினைந்து பெண்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்கள். நான் மட்டும் பதவியின் கண்ணியம் கருதி அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

அன்று மாலை 'விபத்து ஆய்வுக் கூட்டம்' முதலாளி தலைமையில் சிறப்பாக நடைபெற்றது. புகை வந்தபோதே ஏன் யாரும் கவனிக்கவில்லை? ஆள் இல்லை. ஏன் ஆள் இல்லை? ஆவுடைத்தாய் உள்ளே விடவில்லை. குற்றவாளி இவ்வளவு சுலபமாகப் பிடிபட்டது எங்களுக்கே ஆச்சரியம். விளக்கம் சொல்ல அவரைக் கூப்பிட்டு நிறுத்தினோம். பெட்டி கட்டும் வேலையைப் பக்கத்துச் செட்டுக்கு மாற்ற முடிவாயிற்று. அங்கேயும் அதே வயதில் ஒரு போர்டு. அதே நீலச் சான்றிதழ்.

மதுரையிலிருந்து மறுபடி ஓடிவந்திருந்த விக்னேஷ்குமார் கெஞ்சினார். "சார், அந்தக் கேமராவையாவது போர்டுக்கு எதிர்ல நிரந்தரமா மாட்டி வைங்க. சூடு ஏறினா முன்னாடியே தெரிஞ்சிரும்."

முதலாளி பதறிப்போனார். "என்ன தம்பி பேசுறீக! வெடிச்சா கேமரா போயிருமே!"

அந்தத் தொலைநோக்கை என்னவென்று புகழ்வேன்! கேமராவை முதலாளியின் ஏசி அறையில் பத்திரமாக வைப்பது என்றும், போர்டு சுட்டால் சத்தம் போட்டுச் சொல்வதற்கு அதன் பக்கத்தில் ஆவுடைத்தாயை உட்கார வைப்பது என்றும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

ஆவுடைத்தாய் முதலாளியைப் பார்த்துக் கேட்டார்.

"வெடிச்சா கேமரா போயிரும்னு அதை அங்கன வைக்கல. சரி. வெடிச்சா நான் எங்க போவேன் மொதலாளி?"

அந்தப் பொருள் அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை. எனவே கேமராவுக்கு நன்றி கூறிக் கூட்டத்தை முடித்தோம்.